அரிசி ஊறப் போட்டாச்சா

பிப்ரவரி 11

அலுவலகப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று பெயர். இரண்டு விரல் அகலம். நான் சொல்ல நினைப்பது அதில் அடங்காது. அடங்கினாலும் எழுத முடியாது, தலைமை அலுவலகம் படிக்கும். அதனால்தான் இந்த நோட்டு.

இன்று காலை ஆறு மணியிலிருந்து பதினான்கு அதிர்வுகள். பெரியது 4.6. எல்லாம் தீவுக்கு மேற்கே, கடலுக்கடியில், ஏறக்குறைய ஒரே இடத்தில்.

அந்தமானில் ஒரு சின்னத் தீவு எங்களுடையது. கீழே ஜெட்டி, ஜெட்டியை ஒட்டிப் பஜார், பஜாரைச் சுற்றி எண்பத்து மூன்று குடும்பங்கள். மேட்டில் பள்ளிக்கூடம், அதற்கு மேல் எங்கள் நிலநடுக்க நிலையம், பின்னால் குவார்ட்டர்ஸ். நிலையத்தில் நானும் காவலாளி குஜூரும்தான். கருவிகள் தாமாகவே பதிவு செய்துகொள்ளும். நான் சரிபார்த்து நேரம், இடம், அளவு, வகை என்று ஏற்றி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. பஜாரைக் கேட்டால், நான் பூமியோடு தினமும் போனில் பேசுகிறேன் என்று சொல்வார்கள். என்னைப் 'பூகம்ப மேடம்' என்று கூப்பிடுகிறார்கள். பொற்கொடி என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை.

சாயங்காலம் மீன் வாங்கப் போனேன். ஜெட்டியிலிருந்து மீன் கடை இருநூறு அடி. அதற்குள் ஒன்பது பேர் கேட்டார்கள், "பெரிசு வருமா?"

ஒன்பது பேருக்கும் தெரியாது என்றேன். ஒன்பதாவது ஆள், "தெரியாதுன்னா அப்புறம் என்னத்துக்கு மேல ஆபீஸ் வச்சிருக்கீங்க" என்றான். மீனும் நன்றாக இல்லை.

பிப்ரவரி 12

இருபத்தொன்று. பெரியது 4.8.

தலைமை அலுவலகத்திலிருந்து போன். 'வகை' கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேனாம், பார்க்க நன்றாக இல்லையாம். அந்தக் கட்டத்தில் மூன்று வார்த்தைகளில் ஒன்றைத்தான் எழுதலாம்: முன்னதிர்வு, முதன்மை அதிர்வு, பின்னதிர்வு.

இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு நான் பொறுமையாகத்தான் சொன்னேன். தம்பி, ஒரு அதிர்வுக்குப் பிறகு அதைவிடப் பெரியது ஒன்று வந்தால்தான் முன்னால் வந்தது முன்னதிர்வு. வராவிட்டால் அது வெறும் அதிர்வு. வரும்போது நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. இரண்டுக்கும் கோடு ஒரே மாதிரிதான் விழும். பெரியது வந்த பிறகுதான் அந்தப் பெயரைப் பின்னோக்கிப் போய் எழுத முடியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "அப்ப இப்போதைக்கு என்ன போடட்டும் மேடம்?" என்றான்.

பிப்ரவரி 13

என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று பஜாருக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷப்பட்டேன். இன்று பார்த்தால், அவரைக் கேட்கிறார்கள்.

அவர் என் வீட்டுக்காரர், தவசிமுத்து. ஜெட்டி முன்னால் இட்லிக் கடை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் பெரிய அண்டாவில் மறுநாளுக்கு அரிசி ஊறப் போடுவார், சாயங்காலம் கிரைண்டரில் ஆட்டுவார். பூகம்ப மேடத்தின் புருஷனுக்கு வீட்டுக்குள் தகவல் தெரியாமலா இருக்கும். நாளைக்கு ஆபத்து என்றால் அந்த மனுஷன் இருபது படி அரிசியை ஊற வைப்பானா? இதுதான் கணக்கு. பன்னிரண்டு மணிக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் அண்டாவை எட்டிப் பார்க்கிறான். எதிரே துணி தைக்கும் ரஹ்மத்தம்மா மிஷினை விட்டு எழுந்திரிக்கக்கூட மாட்டாள். முட்டி வலி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்பாள், "தவசி, அரிசி ஊறப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அல்லா காப்பாத்துனான்" என்று அடுத்த ஜாக்கெட்டை எடுத்துக்கொள்கிறாள்.

இரண்டு கோடி ரூபாய்க் கருவி மேலே இருக்கிறது. இவர்கள் அண்டாவைப் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 14

5.1. காலை 10.20. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சத்தம் போட்டது.

கடைக்குப் போய்ப் பேச்சியின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஆணி ஆடியது.

பிப்ரவரி 15

பேச்சி அவருடைய தங்கை. அந்த இட்லிக் கடை அவள் ஆரம்பித்தது. சுனாமி வந்த டிசம்பரில் போனாள். கண்ணாடி போட்ட படம் இருபது வருடமாகக் கல்லாவுக்கு மேலேயே தொங்கியது. இத்தனைக்கும் கடைக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தார், படத்தை ஒரு நாள்கூட வெளியே எடுத்துப் போனதில்லை.

சாப்பிடும்போது, "படம் எங்க?" என்றார்.

"பெட்டியில இருக்கு. ஆணி ஆடுது. இட்லித் தட்டுல கண்ணாடி விழுந்தா யாரு பதில் சொல்லுறது?"

அவர் ரசம் ஊற்றிக்கொண்டார். ஆணி ஆடுவது ஆடுவதுதான், இதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17

எரிச்சலில் பேனாவை அழுத்துகிறேன். அதனால் எழுத்து இப்படி.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அண்டா வாசலில் இல்லை. கிரைண்டர் மோட்டார் புகைந்துவிட்டதாம், நாளைக்குக் கடை இல்லையாம். அதை அவர் ரஹ்மத்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போயிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மணிக்குப் பஜாரில் ஷட்டர் இறங்கும் சத்தம் மேலே வரை கேட்டது. இரண்டு மணிக்கு எண்பத்து மூன்று குடும்பமும் பாய், தலையணை, கோழி, கேஸ் அடுப்போடு மேடு ஏறி வந்துவிட்டது.

நான் ஓடிப் போய், "யாரு வரச் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல. அரிசி ஊறப் போடல."

"மோட்டார் புகைஞ்சுருச்சு. அதுக்கும் பூமிக்கும் என்ன சம்பந்தம்?"

ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சொல்லக் கூடாதுன்னு மேல உத்தரவு இருக்கும்க்கா. எங்களுக்குப் புரியுது."

ரஹ்மத்தம்மாவை நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். வழி முழுக்க என் குடும்பத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். முட்டியில் தைலம் தேய்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்து உட்கார்ந்தாள்.

இன்று முப்பத்து மூன்று அதிர்வு. 5-ஐத் தாண்டியது ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18

பள்ளிக்கூட வராந்தாவில் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள். கழிப்பறை இரண்டுதான். பிள்ளைகள் நிலையத்துக் கம்பி வேலியைப் பிடித்துக் குதிக்கிறார்கள். கருவியில் அது 1.2 அளவில் தெரிகிறது. குஜூர் குச்சியோடு சுற்றிச் சுற்றி ஓடுகிறான்.

"மோட்டாரச் சரி பண்ணக் கூடாதா?" என்று அவரைக் கேட்டேன்.

"காயில் போர்ட் பிளேயர்லருந்து வரணும். கப்பல் எப்ப வருதோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடை மூடிக் கிடப்பதைப் பற்றி ஒரு பெருமூச்சுகூட இல்லை. காய்ச்சலோடு போய்க் கடை திறக்கிற மனுஷன்.

பிப்ரவரி 20

மெமோ வந்தது. "தங்கள் கணவரின் வணிக நிறுவனம் வாயிலாக வதந்தி பரப்பியது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

கிரைண்டர் ரிப்பேர் ஆனது என்று ஒரே வரியில் விளக்கம் எழுதினேன். நம்ப மாட்டார்கள். நானே மேலதிகாரியாக இருந்தால் நம்ப மாட்டேன்.

பிப்ரவரி 22

ஒன்பதே ஒன்பது. பெரியது 3.9. உடனே எல்லோரும், "முடிஞ்சிருச்சா?"

இதற்கும் தெரியாது என்றுதான் பதில். வருமா என்றாலும் தெரியாது, முடிந்ததா என்றாலும் தெரியாது. ஒரே பதிலை எத்தனை தினுசாகச் சொல்வது? அந்த டிசம்பரில் எச்சரிக்கும்படியாக முன்னால் ஒன்றுமே ஆடவில்லை, நேராகப் பெரியதே வந்தது. அதற்கடுத்த ஜனவரியில் கிழக்கே நூற்றுக்கணக்கில் ஆடித் தீர்த்தது. இதோ வருகிறது என்று உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் வரவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த மடையன் ஜோசியம் சொல்வான்?

கடைசியில் தொந்தரவு தாங்காமல் ஒரு கணக்குச் சொன்னேன். இப்படி ஆடும்போது அதைவிடப் பெரியது பின்னால் வருவது நூறு தடவையில் ஏறக்குறைய ஐந்து தடவை.

மீன் கடைக்காரர், "அப்ப தொண்ணூத்தஞ்சு நம்ம பக்கம். இறங்குவோம்" என்றார்.

ரஹ்மத்தம்மா, "நூறு மீனுல அஞ்சு மீனு வெசம்னா நீ வாங்கித் திம்பியாடா?" என்றாள்.

சண்டை ஒரு மணி நேரம் நடந்தது. இருவரும் சொன்னது சரி என்பதுதான் என் தலைவலி.

பிப்ரவரி 24

தீவு நிர்வாகத்து அதிகாரி மயில்சாமி நேரில் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், வந்து எட்டு மாதம். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசுகிறவர்.

"ஒரு வாரமா ஜெட்டியில சரக்கு இறக்க ஆளில்லீங்க. பள்ளிக்கூடம் நடக்கலீங்க. இப்படியே விட்டா வயித்துப்போக்குல நாலு பேரு போயிருவாங்க, பூகம்பத்துல இல்லீங்க."

அதுவும் சரிதான்.

அவருடைய யோசனை இது. சனங்கள் இட்லிக் கடையைத்தானே பார்க்கிறார்கள்? அரசு எலக்ட்ரீஷியனை அனுப்பிக் கிரைண்டரைச் சரி செய்வார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் குடும்பத்தோடு கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் இட்லி சாப்பிடுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறகு ஆபத்தில்லை என்று இரண்டு வார்த்தை.

"ஆபத்து இருக்குன்னும் சொல்ல முடியாது சார், இல்லைன்னும் சொல்ல முடியாது."

"இருக்குன்னு சொல்லாம இருந்தீங்கல்ல, அதே மாதிரி இல்லைன்னு சொல்லிருங்க. ஒண்ணுதானுங்களே."

ஒன்றில்லை என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தெரியாமல் டீ கொடுத்து அனுப்பினேன். போகும்போது, உத்தரவு எழுத்தில் வரும் என்றார். வந்தது. தலைமை அலுவலகமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

பிப்ரவரி 25

எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். மோட்டாருக்கு ஒன்றுமில்லையாம், புகைந்த வாசனைகூட இல்லையாம். உள்ளே ஒரு ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்ததாம். அழகாகச் சுற்றியிருந்ததாம்.

சாயங்காலம் அவர் உளுந்து கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்காம்."

"இருக்கும்."

"அப்ப எதுக்குப் புகைஞ்சு போச்சுன்னீங்க?"

அவர் நிமிரவில்லை. "நீ எதுக்கு ஆணி ஆடுதுன்ன?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீரை வடித்தார்.

"அந்த ஆணிய அடிச்சவன் நான். மூணு இஞ்ச் ஆணி. நீ படத்த எடுத்துட்டுப் போன பெறகு பிடிச்சு ஆட்டிப் பாத்தேன். அசையல. உன்னால வாயத் தொறந்து சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். சொல்ல உனக்கு எதுவும் தெரியாதுங்கறதும் தெரியும். ஆனா பயந்திருக்கேன்னு தெரிஞ்சுது. எனக்கு அது போதும்."

நான் பயப்படவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தண்ணீரை ஊற்றினார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் எண்பத்து மூன்று குடும்பத்தை வராந்தாவில் போட்டு, எனக்கு மெமோ வாங்கிக் கொடுத்து, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பேச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். இருபது வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் என்னை அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 26

எட்டு மணிக்குப் பஜார் முழுக்கக் கடை வாசலில் நின்றது. மயில்சாமி, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். இலை போட்டு நாலு இட்லி. எனக்கும் இலை. என் வீட்டுக்காரர் சாம்பார் ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மயில்சாமி சாப்பிட்டார். இரண்டாவது தடவை சட்னி கேட்டார். சனங்கள் அவரைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்கள். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் ஆபத்தில்லை என்று அர்த்தம், வைக்காவிட்டால் பூகம்பம் என்று அர்த்தம். என் இருபத்திரண்டு வருட உத்தியோகம் நாலு இட்லியில் வந்து நின்றது.

எனக்குப் பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதனால் சாப்பிட்டேன், நாலையும். கூட்டத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மீன் கடைக்காரர் கை தட்டினார்.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார் மயில்சாமி.

கை கழுவிவிட்டு எழுந்தேன். சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்திருந்தார்கள். காகிதம் இடுப்பிலேயே இருந்தது.

"எனக்குப் பசிச்சுது, சாப்பிட்டேன். அதுக்கு வேற அர்த்தம் கிடையாது" என்றேன். "அந்த டிசம்பர் காலையில ஆட்டம் நின்ன பெறகு பேச்சி எங்கிட்ட வந்தா. எல்லாரும் வெளிய நின்னோம். 'மதினி, இனிமேயும் வருமா?'ன்னு கேட்டா. நான் அப்பத்தான் வேலைக்குச் சேந்த புதுசு. படிச்ச திமிரு. 'பெரிசு முடிஞ்சிருச்சு, இனிமே வர்றதெல்லாம் சின்னதுதான், போயி அடுப்பப் பாரு'ன்னு சொன்னேன். அவ போனா. நான் சொன்னது சரிதான். அதுக்கப்புறம் அன்னைக்கு ஆடுனது எல்லாம் சின்னதுதான். கடலப் பத்தி நான் நெனைக்கல."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். முதுகுதான் தெரிந்தது.

"அதனால எங்கிட்டக் கேக்காதீங்க. அரிசியயும் பாக்காதீங்க. நிலம் ஆட ஆரம்பிச்சா எண்ணுங்க. இருபது எண்ணி முடிச்சும் நிக்கலையா, மேட்டுக்கு ஓடுங்க. சைரனுக்குக் காத்திருக்காதீங்க, எனக்கும் காத்திருக்காதீங்க. மேல வந்த பெறகு நான் சொல்லுற வரைக்கும் இறங்காதீங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

மயில்சாமியின் முகம் சுருங்கிப் போயிருந்தது. அவருடைய சின்னப் பெண் மட்டும், "இருபது வேகமா எண்ணணுமா, மெதுவாவா?" என்று கேட்டாள். மெதுவாக என்றேன்.

பிப்ரவரி 27

மெமோ எண் இரண்டு. எழுத்துப்பூர்வ உத்தரவை மீறியதற்கு.

பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ரஹ்மத்தம்மாவும் இறங்கினாள். இனி ஏறுவதற்கு முட்டி ஒத்துக்கொள்ளாதாம், வருவது வரட்டுமாம். அவர் மறுபடி கடை திறந்தார். இரவு சாப்பிடும்போது எனக்கு முதலில் சோறு போட்டார். வழக்கமில்லை.

மார்ச் 1

பன்னிரண்டு. பெரியது 4.1. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வராந்தாவில் ஒரு கோழி மட்டும் மிச்சம், யாருடையது என்று தெரியவில்லை. பிள்ளைகள் பஜாரில் 'இருபது' விளையாடுகிறார்கள். ஒருவன் தகரத்தைத் தட்டுவான், மற்றவர்கள் எண்ணிவிட்டு மேட்டுக்கு ஓடி வருவார்கள். காது கிழிகிறது.

மார்ச் 4

இரண்டே இரண்டு.

"உங்க பூகம்பம் எங்கக்கா?" என்று மீன் கடையில் கேட்டார்கள். ஏதோ நான் வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது போல.

மார்ச் 6

7.2. பிற்பகல் 2.41. பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 7

நிலையத்தில் இருந்தேன். மேஜை நகர ஆரம்பித்ததும் வாய் தானாக எண்ணியது. இருபதில் நிற்கவில்லை. நாற்பதில் அலமாரி விழுந்தது. ஐம்பத்து மூன்றில் நின்றது.

வேலிக்கு ஓடினேன். கீழே பஜாரிலிருந்து சனங்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். சைரன் இன்னும் ஊதவில்லை. பாய் இல்லை, தலையணை இல்லை, கையை வீசிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் முன்னால். அவர்களுக்கு விளையாடி விளையாடிப் பாதை காலுக்குத் தெரிந்திருந்தது. குஜூர் வாசலில் நின்று குடும்பம் குடும்பமாக எண்ணிக்கொண்டிருந்தான். மயில்சாமி செருப்பில்லாமல், இரண்டு பெண்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்காரரைக் காணோம்.

போன் அடித்தது. தலைமை அலுவலகம். நேரம் சொன்னேன், இடம் சொன்னேன், அளவு சொன்னேன். கண் பாதையிலேயே இருந்தது. பத்து நிமிடம் ஆகிவிட்டது. "வகை என்ன மேடம்?" என்றான் அந்தப் பிள்ளை. நான் வாழ்நாளில் யாரையும் அப்படித் திட்டியதில்லை. திட்டிவிட்டு, "வைக்காதே, லைன்லயே இரு" என்றேன். பேச ஆள் வேண்டியிருந்தது.

"எண்பத்து ரெண்டு குடும்பம்" என்றான் குஜூர். "ரஹ்மத்தம்மா வரல. பாய்சாப் வரல." அவரை அவன் பாய்சாப் என்றுதான் கூப்பிடுவான்.

பதினாலாவது நிமிடம் பாதையின் கடைசி வளைவில் தள்ளுவண்டி தெரிந்தது. உள்ளே ரஹ்மத்தம்மா, மடியில் தையல் மிஷினின் தலை. பின்னாலிருந்து அவர் தள்ளிக்கொண்டு வந்தார். இளவட்டங்கள் நாலு பேர் கீழே ஓடிப் பிடித்தார்கள். ரஹ்மத்தம்மா அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், மிஷினின் அடிக்கட்டையை விட்டுவிட்டு வந்ததற்காக. அவர் கையில் முழங்கை வரை மாவு.

நான் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், அத்தனை பேர் முன்னால்.

பத்தொன்பதாவது நிமிடம் கடல் ஜெட்டிக்கு மேலே வந்தது. சத்தம்தான் முதலில். பிறகு பஜார் இருந்த இடத்தில் தண்ணீர். மூன்று முறை வந்தது. ஒருவர் இறங்கிப் பார்க்கிறேன் என்று எழுந்தார். ஐம்பது பேர் ஒரே குரலில் உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாயங்காலம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவரும் இறங்கவில்லை.

முந்நூற்று நாற்பத்தொரு பேர், ஊர் மொத்தமும். மூன்று முறை எண்ணினோம்.

மார்ச் 9

கப்பலில் அரிசியும் தார்ப்பாயும் வந்தன. அதே கப்பலில் கடிதமும் வந்தது. "பிப்ரவரி 11 முதல் தங்கள் நிலையத்தில் 398 முன்னதிர்வுகள் பதிவாகியிருந்தும் உரிய முன்னெச்சரிக்கை அளிக்கப்படாதது ஏன் என விளக்கவும்."

மூன்று மெமோவையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வதந்தி பரப்பினேன். ஆபத்தில்லை என்று சொல்ல மறுத்தேன். எச்சரிக்கவில்லை. மூன்றிலும் கீழே கையெழுத்து ஒரே ஆள்.

பதிவேட்டை எடுத்துப் பிப்ரவரி பதினொன்றிலிருந்து காலியாகக் கிடந்த கட்டங்களில் எழுதிக்கொண்டு வந்தேன். முன்னதிர்வு, முன்னதிர்வு, முன்னதிர்வு. போன வாரம் வரை இவற்றுக்குப் பெயரில்லை. 7.2 வராமல் போயிருந்தால் இந்தக் கட்டங்கள் காலியாகவே கிடந்து, நான் ஊரையே அலைக்கழித்த பைத்தியக்காரியாகியிருப்பேன். எண்கள் அதே எண்கள்தான். பிப்ரவரி பதினாலு, 10.20, 5.1 வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. ஆணி ஆடவில்லை. பயந்துதான் எடுத்தேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

வராந்தாவில் அவர் கடை போட்டிருக்கிறார். மயில்சாமி தன் வீட்டுச் சின்ன கிரைண்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "நானும் எண்ணுனேனுங்க மேடம். பதினெட்டுல நின்னுரும்னு நெனச்சேன்" என்றார். மெமோ பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேச்சியின் படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியாகிவிட்டது. ஆணியை என் வீட்டுக்காரர் இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு அண்டா வெளியே வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. ரஹ்மத்தம்மா மிஷினின் தலையைத் துடைப்பதை நிறுத்தினாள். மயில்சாமி மெதுவாக, "இனிமே வர்றதெல்லாம் பின்னதிர்வுதானுங்களே?" என்றார்.

"தெரியாது. இதுக்கும் அதே கணக்குத்தான். நூத்துக்கு அஞ்சு."

என் வீட்டுக்காரர் அரிசி மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் முதல் முறையாக, எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். "ஊறப் போடட்டுமா?"

"போடுங்க" என்றேன். "வந்தாலும் வராட்டாலும் காலையில பசிக்கும்."

அவர் அரிசியைக் கொட்டினார். நான் நிலையத்துக்கு வந்தேன். 12.17-க்கு ஒன்று, 4.4. நேரம் எழுதினேன், இடம் எழுதினேன், அளவு எழுதினேன். வகையைக் காலியாக விட்டேன்.